வயிற்றைக் கட்டும் மாத்திரை

என் வீட்டுக்காரர் சிலுவைமுத்து, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் தனியார் பஸ் ஒன்றுக்கு டிரைவர். போன வருஷம் கோடையில் அவர் காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். "டூட்டி முடிஞ்சு வந்து பாத்துக்கிறேன்" என்று கிளம்பிவிடுவார். மத்தியானத்துக்குக் கொடுத்துவிட்ட சோறும் சில நாள் அப்படியே திரும்பி வந்தது. கேட்டால், "நரிக்குடியில சாப்ட்டேன்" என்பார். ஆனால் இடுப்பு பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்துப் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். நரிக்குடியில் வயிறு நிறையச் சாப்பிடுகிற ஆளுக்கு அந்த ஓட்டை எதற்கு?

வீட்டில் இருக்கும்போது கக்கூஸில் வெகு நேரம் இருப்பார். உள்ளே போனதும் குழாயைத் திறந்துவிடுவார். எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் சொட்டு விடாமல் பிடித்து வைப்போம். தண்ணீரைச் சும்மா ஓடவிடுகிற மனிதர் அவர் இல்லை. உள்ளே நடப்பது வெளியில் கேட்கக் கூடாது என்றுதான் குழாயைத் திறக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. நான் கேட்கவில்லை. எதையும் சட்டென்று கேட்டுவிடுகிற சுபாவம் எனக்கு இல்லை.

அவர் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. பஸ் முதலாளி ராஜகுரு நல்ல மனிதர்தான். ஆனால் டிரைவர் விஷயத்தில் ஒரே பேச்சு. முன்பு அந்த வண்டியை ஓட்டியவருக்கு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றிவிட்டது. மறுநாளே அவரை இறக்கிவிட்டார். "ஒடம்பு சரியில்லாதவன் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. பின்னால அம்பது உசிரு இருக்கு" என்பார். இறங்கிய அந்த மனிதர் இப்போது பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடித்துக் கொடுக்கிறார். தன் முறையும் வந்துவிடுமோ என்று இவர் பயந்தார். இவர் பசியோடும் வலியோடும் அந்த வண்டியை ஓட்டுகிறாரே என்று நான் பயந்தேன். தினமும் பஸ் கிளம்புகிற நேரத்திலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டால்தான் வேறு வேலை ஓடும்.

வண்டியை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர். அவர் அப்பா சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டவர். கரி ஏற்ற வந்த லாரியில் கிளீனராக ஏறியவர் இவர். பிறகு டிரைவராகி, குஜராத் வரைக்கும் லோடு கொண்டு போனார். கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்த பிறகு, "இனிமே ராத்திரி வீட்டுல படுக்கணும்" என்று பஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

வயிறு போனால் அவர் ஒரு மஞ்சள் மாத்திரை போட்டுக்கொள்வார், அதைக் கற்றுக்கொண்டது லாரியில்தான். லாரிக்காரர்களுக்கு ஊர் ஊராகத் தண்ணீர் மாறும். வயிறு போகும். லோடை நடுவழியில் நிறுத்த முடியாது. அதனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, டாக்டரிடம் போகாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். வயிற்றைக் கட்டும் மாத்திரை என்று அதற்குப் பெயர். கிளீனருக்கு டயர் மாற்றச் சொல்லிக்கொடுப்பதுபோல அதையும் சொல்லிக்கொடுப்பார்களாம். போட்டால் மறுநாள் நின்றுவிடும். பஸ்ஸுக்கு வந்த பிறகும் சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் அந்த அட்டை எப்போதும் இருந்தது. திருவிழாக் கூட்டம் வரும் நாளில் வயிறு நன்றாக இருந்தாலும் முன்கூட்டியே ஒன்று போட்டுக்கொள்வார். "டீசல் அடிக்கிற மாதிரிதான். போற வழியில நிக்கக் கூடாதுல்ல" என்பார்.

கோடைக்கு முந்தைய மாதங்களில் அவருக்குப் பல் வீங்கியது. அதற்கு ஒரு வாரம் மாத்திரை. பிறகு காலில் கம்பி கிழித்துச் சீழ் வைத்தது. அதற்கும் மாத்திரை. பிறகு காய்ச்சல். அதற்கு மருந்துக்கடையில் கலந்து பொட்டலம் கட்டித் தருகிற செட் மாத்திரை. இவை எல்லாம் முடிந்தபோது வயிறு கெட்டது. மஞ்சள் மாத்திரை போட்டார். நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனது. மறுபடியும் போட்டார். நிற்கிற நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

இதையெல்லாம் நான் பின்னால் கோத்துத் தெரிந்துகொண்டேன். முதலில் விஷயத்தை உடைத்தது கண்டக்டர் கார்த்தீஸ்வரன். ஒருநாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன பையை எடுக்க வீட்டுக்கு வந்தவன் வாசலில் நின்றபடியே சிரித்தான்.

"மதினி, எங்க அண்ணன் இப்பல்லாம் பஸ்ஸ ஓட்டல. பறக்க விடுறாரு."

"ஏன் தம்பி?"

"ஸ்டாண்டுல வண்டி நிக்க விட மாட்டேங்காரு. எறங்கி நேரா கட்டணக் கழிப்பறைக்கு ஓட்டம். அங்க காசு வாங்குற ஆளு நம்ம ஆரன் சத்தம் கேட்டதுமே வாளியில தண்ணியப் புடிச்சு வச்சிர்றான்."

நான் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"ஒங்களுக்குத் தெரியாதா மதினி? நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. மொதலாளி காதுக்குப் போயிரும்."

"சாப்பிடுறாகளா?"

"எங்க சாப்பிடுறாரு. சோறு எறங்குனா வயித்துக்கு ஆகலன்னு வெறும் டீயிலதான் ஓடுது வண்டி."

அந்த டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பஸ் டிரைவருக்கு டீக்கடையில் காசு வாங்க மாட்டார்கள். வண்டியைக் கடைக்கு எதிரே நிறுத்தினால் ஆட்கள் இறங்குவார்கள், கடைக்கு வியாபாரம். அந்த மரியாதைக்கு, டிரைவர் டீ என்று தனியாகப் போடுவார்கள். தண்ணீர் சேர்க்காத கெட்டிப் பால், மேலே ஒரு கரண்டி ஆடை. ஸ்டாண்டில் வீரணன் கடையில் அவருக்குத் தினமும் அது காத்திருக்கும். வேண்டாம் என்றால் வீரணனுக்கு முகம் சுருங்கிவிடும். இவரும் சோற்றுக்குப் பதிலாக அதையே நம்பினார். பால்தானே, குழந்தைக்கே கொடுக்கிறோம், வயிற்றுக்கு இதம்தானே என்று நினைத்தார். நானும் அவர் இளைப்பதைப் பார்த்து விடியற்காலையில் ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தேன். சோற்றை மறுத்தவர் அதை மட்டும் மறுக்காமல் குடித்தார்.

கார்த்தீஸ்வரன் சொன்ன மறுநாள், திருச்சுழியில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அங்கிருந்து உள்கண்ணாடியில் அவர் முகம் தெரியும்.

அவர் வீரணன் கடையில் நின்றபடி டீயைக் குடித்துவிட்டு ஏறினார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களுமாகப் படி வரைக்கும் கூட்டம். டவுனைத் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கரிசல் காடு தொடங்கிய பிறகு அவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தார். கியர் போட மட்டும் அந்தக் கையை எடுத்தார். போட்டதும் மறுபடி வயிற்றுக்குப் போனது. கண்ணாடியில் அவர் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை புருவத்தில் வந்து நின்று, கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அங்கே நிறையப் பேர் ஏறினார்கள். கார்த்தீஸ்வரன் விசில் அடித்தான். அவர் இறங்கவில்லை. வண்டியை எடுத்தார்.

அதற்கப்புறம் கண்மாய்க்கரை மேல் போகிற ரோடு. ஒரு பக்கம் காய்ந்து வெடித்த கண்மாய், இன்னொரு பக்கம் சரிவு, சரிவு முழுக்கச் சீமைக்கருவேலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கவே இடம் இருக்காது. அந்தக் கரை முடிந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினார். பஸ் குலுங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "இந்தாளுக்கு இன்னைக்கு என்ன கேடு" என்று முணுமுணுத்தாள். கண்ணாடியில் அவர் கண்கள் பாதி மூடித் திறந்தன. நான் எழுந்து அவர் தோளைத் தொடலாமா என்று யோசித்தேன். தொட்டால் பதறிவிடுவாரோ என்று கை நீளவில்லை.

வளைவில் ஆடுகள் நின்றன.

பிரேக் போட்டார். பஸ் இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனது. நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். ஒரு சிறுமியின் சாப்பாட்டு டப்பா உருண்டு எஞ்சின் மேல் வந்து மோதியது. வண்டி நின்றபோது முன்சக்கரம் கரையின் விளிம்பில் இருந்தது. என் ஜன்னலுக்கு வெளியே மண் தெரியவில்லை. கீழே கருவேல மர உச்சிகள்தான் தெரிந்தன.

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்தார். இறங்கி, யாரையும் பார்க்காமல் சரிவில் இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்.

பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் விபத்து நடந்தால் டிரைவர் இறங்கி ஓடிவிடுவான். அடி வாங்காமல் ஸ்டேஷனில் போய் நிற்பதற்காக ஓடுவான். எல்லோருக்கும் அது தெரியும்.

"ஏலே, டிரைவர் ஓடுறான்."

"காலையிலயே தண்ணி போட்ருக்கான். கண்ணப் பாத்தியா நீ?"

"விடாத, புடி அவன."

நாலைந்து இளவட்டங்கள் குதித்தார்கள். ஒருவன் கருவேலங்கிளையை ஒடித்தான். இன்னொருவன் போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினான். கார்த்தீஸ்வரன் இரண்டு கையையும் விரித்து, "அண்ணே, வேணாம்ணே, சொன்னாக் கேளுங்க" என்று கெஞ்சினான். ஏன் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் முதலாளிக்குப் போய்விடும். அவர்கள் அவனைத் தள்ளிவிட்டுச் சரிவில் இறங்கத் தொடங்கினார்கள். அந்தக் காட்டுக்குள் அவர் எந்த நிலையில் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்த நிலையில் போய் அவரை இழுத்து அடிப்பார்கள். போனில் படமும் எடுப்பார்கள்.

நான் எப்படிப் படிக்கு வந்தேன் என்று நினைவில்லை.

"அவுக ஓடல" என்றேன். கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அவுக ஓடல. ஒதுங்கப் போயிருக்காக. வயித்தால போகுது. ரொம்ப நாளாவே போகுது."

கிளை ஒடித்தவன் திரும்பினான். "நீ யாரும்மா?"

"அவுக வீட்டுக்காரி."

என் பக்கத்தில் இருந்த கிழவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஏலே, கம்பக் கீழ போடு. வயித்தக் கலக்குனா எங்கடா போவான் மனுசன், ஒங்க அய்யா வீட்டுக்கா?" யாரோ சிரித்தார்கள். இறங்கியவர்கள் ஏறி வந்தார்கள். படம் எடுத்தவன் போனைப் பையில் போட்டுவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலைக் கார்த்தீஸ்வரனிடம் கொடுத்தான். "கொண்டு போய்க் குடு" என்றான்.

ஆனால் பின்சீட்டிலிருந்து வந்த ஒருவர் சிரிக்கவில்லை. உருண்டு விழுந்த டப்பாவை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரொம்ப நாளா முடியலன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா ஓட்டுறாரு? எம்புள்ள தினமும் இதுலதான போறா" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவர் கேட்டது சரி.

என் வீட்டுக்காரர் பாட்டிலோடு ஏறி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். வேறு டிரைவர் வந்துதான் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

அன்று மாலை ராஜகுரு வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை. "டாக்டரப் பாரு. சரியாகுற வரைக்கும் வண்டிப் பக்கம் வராத. நான் திட்டலப்பா. ஆனா திட்டலங்கிறதால மறுபடி ஏறலாம்னு நெனச்சிராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாலு பேரு முன்னாடி எம்மானத்த வாங்கிட்ட ராஜாத்தி" என்றார். பிறகு என்னோடு பேசவில்லை. டவுனில் இருந்த கிளினிக்குக்கு நாங்கள் போனதும் பேசாமல்தான்.

டாக்டர் பெயர் கிருஷ்ணப்ரியா. சின்னப் பெண். இவர் என்னென்ன மாத்திரை போட்டார் என்று எல்லாவற்றையும் கேட்டாள். இவர் மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். "இத எத்தன நாளா போடுறீங்க?" என்றாள். "பழக்கமாத்தான்" என்றார் இவர். அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். ரத்தம், மலம் எல்லாம் சோதிக்க எழுதிக் கொடுத்தாள். சோதனைகள் வந்தபோது வேறு பெரிய நோய் ஒன்றும் இல்லை என்றாள். அன்றுதான் நான் மூச்சு விட்டேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு வேண்டியவை. நாம் செரிக்காததைச் செரிக்கின்றன. கெட்டதை இடம் பிடிக்க விடாமல் தடுக்கின்றன. மஞ்சள் மாத்திரையும், பல்லுக்கும் புண்ணுக்கும் போட்ட மாத்திரைகளும் கெட்டதோடு சேர்த்து நல்லதையும் கொல்லும். தேவையான நேரத்தில், தேவையான அளவு போட்டால் அவை மெல்லத் திரும்பி வந்துவிடும். திரும்பத் திரும்பப் போட்டால் எது மிச்சம் இருக்கிறதோ அது மட்டும் பெருகி, சமநிலை கெட்டுவிடும். அதோடு அடிக்கடி வயிறு போனதில் குடலின் உள்தோலும் கெட்டிருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிப்பது அந்தத் தோலில் ஊறுகிற ஒரு பொருள்தான். அது குறைந்தால் பால் செரிக்காமல் கீழே இறங்கும். அங்கே இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். வாயு, வலி, பேதி எல்லாம் அதனால்தான்.

"காலையில என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுஞ் சாப்பிட மாட்டேன். வெறும் பாலும் டீயும்தான்."

டாக்டர் சீட்டில் பால் என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டாள். இவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சோற்றுக்குப் பயந்து எதைக் குடித்தாரோ அதுதான் அவரைக் கருவேலங்காட்டுக்குள் ஓட வைத்திருக்கிறது. பேதியை நிறுத்தப் போட்ட மாத்திரை அதை இன்னும் வளர்த்திருக்கிறது.

"வயித்துல பூச்சி இருக்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் மருந்து குடுப்பாக" என்றார் இவர். "இருக்கணும்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன். அத எங்க வாங்குறது?"

அவள் சிரித்தாள். "வாங்க வேண்டாம். இருக்கிறதக் கொல்லாம இருங்க, போதும்." கொஞ்ச நாளைக்குப் பாலை அடியோடு நிறுத்தச் சொன்னாள். வேளைக்குச் சோறு சாப்பிடச் சொன்னாள். தயிர் பிறகு கொஞ்சமாகப் பார்க்கலாம், ஒத்துக்கொண்டால் சரி என்றாள். மஞ்சள் மாத்திரையைத் தான் எழுதிக் கொடுக்காமல் தொடவே கூடாது என்றாள். எப்போது சரியாகும் என்று இவர் கேட்டார். "சில பேருக்கு சீக்கிரம். சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும். முழுசா பழையபடி ஆகும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

வண்டி இல்லாத அந்த மாதங்கள் எங்களுக்கு லேசாகப் போகவில்லை. அவர் பாலை விட்டார். சோறு சாப்பிட்டார். வயிறு ஒரு வாரம் அமைதியாக இருக்கும், மறுபடி இரண்டு நாள் கெடும். கெடுகிற நாட்களில் அவர் கண்கள் அலமாரியைப் பார்க்கும். ஒரு அட்டை இன்னும் அங்கே இருந்தது. அதை அவர் தூக்கிப் போடவில்லை, நானும் போடவில்லை. நான் தூக்கிப் போட்டாலும் மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. கெடுகிற நாட்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. பெல்ட்டில் பழைய ஓட்டைக்கு வந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போன் வந்தது. ராஜகுரு. அவர் குரல் எனக்கும் கேட்டது.

"சிலுவ, எப்படியிருக்க? மாத்து டிரைவர் ஊருக்குப் போயிட்டான். நாளைக்குக் கூட்டம் தாங்காது. ஒடம்பு சரின்னா வண்டிய எடுத்துக்க. இனிமே ஒனக்குத்தான்."

இத்தனை மாதமாக அவர் காத்திருந்த போன் அது. ஆனால் அதற்கு முந்தின நாள் சொந்தக்காரர் வீட்டில் வற்புறுத்தி ஊற்றிய பால் பாயசத்தைக் குடித்துவிட்டார். விடிந்ததிலிருந்து வயிறு சரியில்லை. அலமாரியில் அட்டை இருந்தது. ஒன்று போட்டால் நாளைக்குக் கட்டிவிடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் போனைக் காதில் வைத்தபடி எழுந்து அலமாரி வரைக்கும் போனார். கதவைத் திறந்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். கையிலிருந்த கரண்டியோடு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி." அலமாரிக் கதவைச் சாத்தினார். "நாளைக்கு முடியாது. காலையிலருந்து ரெண்டு தடவ போயிட்டேன். நேத்துப் பாயசம் குடிச்சிட்டேன்."

வீட்டுக்கே தெரியாமல் குழாயைத் திறந்து வைத்து மறைத்தவர், அதை முதலாளியிடமே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

"சரி" என்றார் ராஜகுரு. போனை வைத்துவிட்டார்.

பொங்கல் வரைக்கும் போன் வரவில்லை. திருச்சுழி வண்டிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று கார்த்தீஸ்வரன் வந்து சொன்னான். இவர் கேட்டுக்கொண்டார். அன்றும் சாப்பிட்டார்.

பொங்கல் கழிந்து ராஜகுருவே வந்தார். பாலவனத்தம் வழியாக விருதுநகர் போகிற வண்டியைத் தருவதாகச் சொன்னார். "அன்னைக்கு நீ வாரேன்னு சொல்லியிருந்தா வண்டியக் குடுத்துருப்பேன். ஆனா விசயம் தெரிஞ்சப்புறம் ஒன்ன நம்பியிருக்க மாட்டேன்" என்றார். ஒரு கட்டளையும் போட்டார். தினமும் காலையில் அவர் போன் செய்வார். வயிறு எப்படி என்று கேட்பார். இவர் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

இப்போது தினமும் விடியற்காலையில் எங்கள் வாசலில் அந்தப் பேச்சு நடக்கிறது. இவர் சத்தமாகத்தான் சொல்கிறார். தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டு ஆட்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை. பெரும்பாலும் "நல்லாருக்கு அண்ணாச்சி, கெளம்புறேன்" என்பார். போன புதன்கிழமை, "இன்னைக்கு வேண்டாம், வேற ஆளப் போடுங்க" என்றார். போட்டிருந்த காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். வியாழக்கிழமை அதையே போட்டுக்கொண்டு போனார்.